மொனாக்கோக் குன்றிலே

பிரெஞ்சு நாட்டின் தென்கரையில், மலையும் கடலும் ஒன்றையொன்று நெருக்கும் இடத்தில் மொனாக்கோ என்னும் சிற்றரசு அமைந்துள்ளது. அதன் பரப்பு ஏறத்தாழ 2 சதுர கிலோமீட்டரே. சூதாட்ட மாளிகைக்கும் மோட்டார்ப் பந்தயத்துக்கும் பெயர் பெற்ற இவ்வூருக்கு நாம் சென்றது அவற்றைக் காண்பதற்கன்று. கடலாய்வு அருங்காட்சியகத்தைக் காண்பதற்கே.

1910-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற அம்மாளிகை, செங்குத்தான பாறையை ஒட்டிக் கடலுக்கு மேல் 85 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதை எழுப்பியவர் அந்நாட்டை ஆண்ட முதலாம் ஆல்பர்ட். இவர் 1885 முதல் 1888 வரை அட்லாண்டிக் கடலில் 1,600-க்கும் மேற்பட்ட மிதவைகளை விடுவித்தார். ஒவ்வொன்றிலும் பல மொழிகளில் எழுதிய ஒரு சீட்டு இருந்தது. கண்டெடுப்பவர், எடுத்த இடத்தையும் நாளையும் தெரிவிக்க வேண்டும் என்பதே அதன் வேண்டுகோள். இருநூறுக்கு மேற்பட்டவற்றுக்கு மறுமொழி வந்தது. பெயரறியாக் கரைவாசிகளின் அவ்வுதவியால் வட அட்லாண்டிக் நீரோட்டத்தின் வட்டப்பாதை துலங்கிற்று. முதல் உலகப்போரில் கடலில் விடப்பட்ட கண்ணிவெடிகள் எங்கே மிதந்து செல்லும் எனக் கப்பலோட்டிகளை எச்சரிக்கவும் அவ்வறிவு பயன்பட்டது. கடலறிவு ஒரு நாட்டால் மட்டும் திரட்டக்கூடியதன்று என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அறிவு ஒருபுறம் இருக்க, நம்பிக்கைக்கு வழி என்ன? தன் கரைநீர் தூயது என்று ஒரு நாடு சொல்லும். அயல்நாடு நம்ப மறுக்கும். இதற்கு விடை தரும் கூடம் ஒன்றும் இவ்வூரிலேயே உள்ளது. பன்னாட்டு அணுசக்தி முகமையின் கடல் ஆய்வுக்கூடம் 1961-இல் தொடங்கப்பெற்று, முதலில் இவ்வருங்காட்சியகத்திலேயே இயங்கியது; இன்று துறைமுகக் கரையில் உள்ளது. அங்கே மீனையோ சிப்பித்தசையையோ கடலடிச் சேற்றையோ உலர்த்தி, நுண்பொடியாக்கி, குப்பிகளில் அடைத்துப் பல நாடுகளின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்புகின்றனர். அதே பொடியில் பாதரசம் எவ்வளவு, கதிரியக்கம் எவ்வளவு என்று ஒவ்வொருவரும் அளந்து விடை அனுப்ப வேண்டும். விடை மாறுபட்டால் பிழையைத் தேடித் திருத்திக்கொள்கின்றனர். நம் சந்தையில் எடைக்கற்களுக்கு அரசு முத்திரை இடுகிறதன்றோ? கடலுக்கும் அத்தகைய முத்திரை இது!

அளவு ஒன்றானால் பேச்சுக்கும் இடமுண்டாகிறது. மத்தியதரைக் கடலைக் காக்க 1976-இல் பார்சலோனா நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. இன்று 21 நாடுகளும் ஐரோப்பிய ஒன்றியமும் அதில் இடம்பெற்றுள்ளன. கிரேக்கமும் துருக்கியும், இஸ்ரேலும் லெபனானும் சிரியாவும் அதில் உள்ளன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நிலத்தின் எல்லைக்காகப் பிணங்குவோரும் நீரின் பொருட்டு ஒரே ஏட்டில் கையெழுத்திட்டுள்ளனர்! 1999-இல் பிரான்சு, இத்தாலி, மொனாக்கோ ஆகிய மூன்றும் ஏறத்தாழ 87,500 சதுர கிலோமீட்டர்க் கடற்பரப்பைத் திமிங்கிலங்களுக்கும் ஓங்கில்களுக்கும் புகலிடமாக்க இசைந்தன.

கையெழுத்தினால் மட்டும் கடல் தூய்மையாகிவிடாது. நெகிழிக் குப்பையும் நகரக் கழிவும் இன்னும் அக்கடலில் கலந்தவண்ணமே உள்ளன. ஆயினும் எந்தக் கரையில் எவ்வளவு நஞ்சு என்று அளந்து சொன்னால், மறுகரையினர் அதைப் பொய்யென்று தள்ள முடியாத நிலையேனும் உருவாகியுள்ளது. குற்றச்சாட்டுக்கும் மறுப்புக்கும் இடையே வீணாகும் ஆண்டுகள் அவ்வளவுக்குக் குறையும். கடல் காத்திருக்கக்கூடிய ஆண்டுகளோ மிகுதியல்ல.