சாகாவைச் சாகாமல் காத்த கணக்கு



'சாகா' என்னும் பெயரைத் தமிழர் படித்தால் ஒரு பொருள் தோன்றும். மலாய்க்காரர் படித்தால் வேறொரு பொருள் தோன்றும். மலாயில் அது மஞ்சாடி மரத்தின் சிவந்த விதையைக் குறிக்கும். பொற்கொல்லர்கள் பொன் நிறுக்கப் பயன்படுத்திய அதே விதைதான். இரண்டு குன்றிமணி ஒரு மஞ்சாடி என்பது நம் பழைய வாய்பாடு. 1985ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் வெளிவந்த நம் நாட்டின் முதல் தேசிய மகிழுந்துக்கு அந்தப் பெயரைச் சூட்டினார்கள். மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடியொற்றி உருவான வண்டி அது. இஞ்சினும் மிட்சுபிஷியின் 'ஓரியன்' குடும்பத்தைச் சேர்ந்தது.

நியாலாஸ், ஆசகான், ஜாசின் வட்டாரத் தோட்டங்களில் சாகாவும் அதன் தம்பியான சாகா இஸ்வாராவும் இன்றும் ஓடுகின்றன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வரிசை வீடுகள் வெறுமையாயின. குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தன. ஆனால் அந்தப் பெட்டி வடிவ வண்டிகள் மட்டும் போகவில்லை. பழைய விலைக்கு வாங்கலாம், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்கும், மூடியைத் திறந்தால் கை நுழைய இடமிருக்கும் என்பனவே காரணம்.

என்னிடமிருப்பதும் 1.3 இஸ்வாராதான். பழைய வண்டியாக வாங்கியது. காலையில் பள்ளிக்குப் போகும் வழியில் தோட்டத்திலிருந்து நான்கு மாணவர்களை ஏற்றிக்கொள்வேன். பள்ளி வேன் அவ்வளவு தூரம் உள்ளே வருவதில்லை. பெற்றோரோ விடியுமுன் வேலைக்குப் போய்விடுகின்றனர். என் வண்டி நின்றால் அந்த நால்வரின் வருகைப் பதிவேட்டிலும் வட்டம் விழும் என்பதே நிலைமை. தமிழ்ப்பள்ளியில் நான்கு மாணவர் என்பது சிறிய எண்ணிக்கையன்று.

அத்தகைய வண்டியில்தான் ஒரு நாள் அடிவயிற்றிலிருந்து 'டக், டக்' என்று ஓசை எழுந்தது. மேட்டில் ஏறும்போது உரத்து ஒலித்தது. இஞ்சின் சூடேறிச் சமிக்ஞை விளக்கில் நிற்கும்போது எண்ணெய் விளக்கு மினுங்கியது. வால்வு ஓசை மெல்லியது, மேலிருந்து வருவது. இதுவோ கனத்த ஓசை. கிராங்க் தண்டையும் பிஸ்டனையும் இணைக்கும் ராடின் பேரிங் தேய்ந்தால்தான் இப்படித் தட்டும். இரண்டையும் பிரித்தறியப் பெரிய படிப்பு வேண்டியதில்லை, காது போதும்.

என் முன் மூன்று வழிகள் இருந்தன. புதிய வண்டி வாங்கி ஒன்பதாண்டுக்குத் தவணை கட்டலாம். பழைய இஞ்சின் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம். அல்லது இருப்பதைப் பிரித்து, கீழ்ப்பாதியைச் செப்பனிடலாம். நகரத்துப் பணிமனை ஒன்றில் வண்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இஞ்சின் மாத்திடுங்க, 1,200 வெள்ளி" என்றார்கள். மலிவுதான். ஆனால் அந்தப் பழைய இஞ்சினின் வயிற்றில் என்ன இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. என் நோயை விற்றுவிட்டு வேறொருவர் நோயை வாங்குவதில் என்ன நன்மை? மேலும் பிளாக் மாறினால் இஞ்சின் எண் மாறும். சாலைப் போக்குவரத்துத் துறையிடம் பதிவை மாற்ற அலைய வேண்டும்.

என்னிடம் தமிழும் கணிதமும் பயின்ற மாணவர் ஒருவர் இப்போது தகரக் கூரையின்கீழ்ச் சிறு பட்டறை நடத்துகிறார். யுபிஎஸ்ஆர் நடந்த காலத்தவர். அந்நாளில் எங்கள் பள்ளி மண்டபத்தில் 7ஏ பெற்றவர்களின் படங்கள் மட்டுமே தொங்கின. இவர் படம் தொங்கவில்லை. தொழிற்பிரிவுக்குப் போகிறார் என்றபோது அவருடைய தாயார் அதைப் பிறரிடம் சொல்லவே தயங்கினார். பின்னர் மலேசியத் திறன் சான்றிதழ் பெற்று, ஜொகூரில் சில ஆண்டுகள் வேலை செய்துவிட்டு ஊர் திரும்பினார். "டீச்சர், திறந்து அளந்து பாத்துட்டுதான் விலை சொல்லுவேன்" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே வண்டியை அவரிடம் விட்டேன்.

திறந்தபோது தெரிந்த காரணம் எரிச்சலூட்டியது. எண்ணெய்த் தொட்டிக்குள் எண்ணெயை உறிஞ்சும் குழாய் வாயில் ஒரு வலை உண்டு. அவ்வலையில் நீல நிறத்தில் புழுப்போலச் சுருண்டிருந்தது சிலிக்கான் பசை! எனக்கு முன்னரே யாரோ ஒரு மெக்கானிக் தொட்டியை மூடும்போது பசையை அள்ளிப் பூசியிருக்கிறார். பிதுங்கிய பசை உள்ளே விழுந்து, வலையை அடைத்து, எண்ணெய் வரத்தைக் குறைத்திருக்கிறது. மூன்றாவது ராடின் பேரிங் செம்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோயிருந்தது. ஒரு கீற்றுப் பசைக்கு ஓர் இஞ்சின் விலை.

இனி அளவைக்கு வருவோம். ஆசிரியர்கள் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறேன்.

இந்த இஞ்சினின் சிலிண்டர் விட்டம் 71 மில்லிமீட்டர். பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம் 82 மில்லிமீட்டர். நான்கு சிலிண்டருக்குக் கணக்கிட்டால் 1298 கன சென்டிமீட்டர் வரும். நிமிடத்திற்கு 3000 சுற்றில் ஒவ்வொரு பிஸ்டனும் ஒரு நிமிடத்தில் 492 மீட்டர் ஓடுகிறது. வெறுமனே ஓடுவதில்லை, ஒரு நொடியில் நூறு முறை நின்று திரும்புகிறது. இத்தனை அடியையும் வாங்கிக்கொள்ளும் பேரிங்குக்கும் கிராங்க் தண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி ஏறக்குறைய 0.02 முதல் 0.05 மில்லிமீட்டர்தான். நம் தலைமுடியே பெரும்பாலும் அதைவிடத் தடிப்பு. அந்த இடைவெளியில் எண்ணெய்ப் படலம் நிற்கும்வரை உலோகம் உலோகத்தைத் தொடாது. இடைவெளி கூடினால் எண்ணெய் ஒழுகி அழுத்தம் விழும். குறைந்தால் படலம் நிற்க இடமின்றி உரசிப் பற்றிக்கொள்ளும்.

தம்பி ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், குறுக்கும் நெடுக்குமாக அளந்தார். சிலிண்டருக்கு ஆறு, நான்குக்கும் இருபத்து நான்கு அளவுகள். பழைய கட்டக்கணக்குப் புத்தகம் ஒன்றில் பென்சிலால் எழுதினார். மிக மோசமான இடத்தில் 71.18 இருந்தது. 0.25 பெரிய பிஸ்டன் போதாதா என்று கேட்டேன். தேய்மானம் வட்டமாக இராது, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், 71.25க்குக் கடைந்தால் அந்தப் பள்ளம் முழுதும் மறையாமல் போகலாம் என்றார். ஆகவே 0.50 எடுத்தோம். புதிய விட்டம் 71.50. கொள்ளளவு எவ்வளவு கூடும் என்று வீட்டில் கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 1317 வரும்.

கிராங்க் தண்டில் ராடு பிடிக்கும் கழுத்துகளின் விட்டம் 42 மில்லிமீட்டர். மூன்றாவது கழுத்தில் கோடுகள் விழுந்திருந்தன. பேரிங் கட்டாக விற்பனையாவதால் நான்கையும் 41.75க்குச் சாணை பிடிக்கச் சொன்னோம். பிளாக்கில் அமரும் ஐந்து பெரிய கழுத்துகளோ அளவு மாறாமல் இருந்தன. அவற்றை மெருகேற்றியதோடு விட்டோம். அங்கே கொஞ்சம் பணம் மிஞ்சியது. சாணைக்காரரிடம் தம்பி வற்புறுத்திச் சொன்னது ஒன்றுண்டு: கழுத்து தண்டோடு சேரும் மூலை வளைவாகவே இருக்க வேண்டும், கூர்மையாக வெட்டிவிடக் கூடாது. அந்த மூலையில்தான் பிளவு தொடங்கும்.

சிக்கனம் என்றால் எல்லாவற்றிலும் மலிவானதை வாங்குவது என்று நினைக்கிறோம். நான் இங்கே கண்டது அப்படியன்று. கடைசலுக்கும் சாணைக்கும் மட்டும் 480 வெள்ளி. அதில் பேரம் பேசவில்லை. பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட், எண்ணெய்ப் பம்பு எல்லாம் புதியவை. ராடுகள் நேராக இருந்ததால் பழையவையே போதுமாயின. மேல்பாதியில் தளம் சரிபார்த்து, வால்வு சீல் மாற்றியதோடு சரி. என் தம்பி மகன் பளபளக்கும் மேல்மூடியும் உறுமும் புகைப்போக்கியும் போட்டுத்தரச் சொல்லிக் கெஞ்சினான். "மேல மினுக்குறதுக்கு ஒரு வெள்ளிகூட வேணாம் டீச்சர். எல்லாத்தையும் கீழ போடுவோம்" என்றார் பட்டறைத் தம்பி. கூலியோடு மொத்தம் 2,050 வெள்ளி.

காசில்லாமல் செய்யக்கூடிய வேலை ஒன்று இருந்தது. அதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது என்பது என் கருத்து. கழுவுதல்! கடைந்து வந்த சிலிண்டர் சுவரில் சாணைத் துகள் ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெய் அதை முழுதும் நீக்காது. சுடுநீரும் சோப்பும் தூரிகையும் வேண்டும். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாகவே வரும்வரை தேய்க்க வேண்டும். உடனே எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துருவேறும். எண்ணெய் வழிகளின் அடைப்பான்களைக் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் தூரிகை விட்டு, காற்றடித்தோம். விடுமுறை நாளாதலால் அந்தப் பணியை நானே ஏற்றேன். ஐந்தாவது துணிதான் வெள்ளையாக வந்தது.

பழைய இஞ்சினைப் பிழைக்கவைக்கும் கலை நம் இனத்தவருக்குப் புதியதன்று. தமிழகத்தில் அம்பாசிடரை மீண்டும் மீண்டும் கடைந்து ஓட்டினார்கள். யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காதபோது, மோரிஸ் மைனரையும் ஆஸ்டின் வண்டிகளையும் சில துளி பெட்ரோலால் முடுக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும், பேரிங் தேயும். அதைத் திரும்பத் திரும்பப் பிரித்துச் சரிசெய்த கைகளை எந்த மண்டபத்திலும் படமாக மாட்டியிருக்க மாட்டார்கள்.

பொருத்தும் நாளில் நான் அருகில் நின்றேன். பேரிங் மூடி ஒவ்வொன்றிலும் எண்ணும் திசைக்குறியும் உண்டு. இடம் மாறக் கூடாது. பேரிங்குக்கும் கழுத்துக்கும் இடையே மெழுகு நூல் ஒன்றை வைத்து, மூடியை உரிய இறுக்கத்தில் முடுக்கி, மீண்டும் கழற்றினார். நசுங்கிய நூலின் அகலத்தை அட்டையில் ஒப்பிட்டால் இடைவெளி தெரிந்துவிடும். நான்கும் 0.04க்குள் இருந்தன. ரிங்கின் வாய் இடைவெளிக்கு அவர் சொன்ன வாய்பாடு: விட்டத்தின் ஆயிரத்தில் நான்கு பங்கு. 71.5ஐ 0.004ஆல் பெருக்கி 0.286 என்று மனக்கணக்காகவே சொன்னார். தசமப் பெருக்கலில் புள்ளி வைக்கத் திணறிய அதே மாணவர். வகுப்பில் நாம் கொடுக்கும் தசமம் எதையும் அளப்பதில்லை. அதனால்தான் புள்ளி எங்கே விழுந்தாலும் பிள்ளைகளுக்குக் கவலையில்லை என்று தோன்றியது.

முடுக்குவதற்கு முன் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, எண்ணெய் விளக்கு அணையும்வரை வெறுமனே சுற்றவிட்டார். பிறகு பிளக்குகளைப் பூட்டித் திறவுகோலைத் திருப்பியபோது இரண்டாம் சுற்றில் உயிர் வந்தது. 'டக்' இல்லை. ரிங்குகள் சிலிண்டரோடு இசைந்து அமரும்வரை ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்ட வேண்டாம், இஞ்சினை உயர்சுற்றில் அலறவிடவும் வேண்டாம் என்றார். 500 கிலோமீட்டரில் எண்ணெய் மாற்றியபோது மெல்லிய சாம்பல் நிறம் இருந்தது. 1000இல் மாற்றியபோது எண்ணெய் தெளிவாக வந்தது; காந்தத்தில் ஒட்டிய தூள் விரல் நுனியில் உணர முடியாத அளவே.

அந்த இருபத்து நான்கு அளவுகள் எழுதிய பக்கத்தைப் படியெடுத்து ஐந்தாம் ஆண்டு வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். என்னோடு வண்டியில் வரும் நால்வரில் ஒருத்தி, எந்தச் சிலிண்டர் அதிகம் தேய்ந்தது என்பதைச் சராசரி கண்டுபிடித்து எனக்குச் சொன்னாள். மூன்றாவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். பேரிங் போனது அங்கேதானே! இல்லை, நான்காவதாம். கணக்கைச் சரிபார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி.