பீடிங்கும் ஒரு பி.காமும்

வீட்டு வேலையை நாமே செய்தால் கூலி மிச்சம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். பி.காம். படித்தவன் சொல்கிறேன்!

போன சித்திரையில் இளையரசனேந்தல் வீட்டு அடுப்படியில் புதுசாக ப்ளைவுட் அலமாரி மாட்டினோம், மூலையைச் சுற்றி 'ட' மாதிரி. பலகை நேராக நின்றது, சுவர்தான் நிற்கவில்லை. இந்தக் கோடியில் அரை இஞ்ச் சந்து, அந்தக் கோடியில் சந்தே இல்லை. கரப்பான்பூச்சிகள் குடும்பத்தோடு கிரகப்பிரவேசம் நடத்திவிட்டன.

வளைவு இழைத்த தேக்கு பீடிங் அடித்தால் சந்தும் மறையும், அழகாகவும் இருக்கும். ஆனால் ஆசாரி அண்ணாச்சி சொன்ன கூலியைக் கேட்டதும் எனக்குள் இருந்த காஸ்ட் அக்கவுண்டன்ட் விழித்துக்கொண்டார். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சிரித்துக்கொண்டே மூன்றே நிமிஷத்தில் ஒட்டுகிறாரே! கோவில்பட்டிக்கு பஸ் ஏறி பீடிங், ஆணி, பெவிகால் வாங்கி வந்தேன். (கடலை மிட்டாயும்தான். அது கணக்கில் வராது.)

மூலை என்றால் 90 டிகிரி. இரண்டு துண்டிலும் 45 வெட்டினால் சேரவேண்டும். அறுத்தேன். சேரவில்லை. கரன்ட் அட்டை நுழைகிற மாதிரி வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மகளின் ஜாமெட்ரி பாக்ஸை எடுத்து அளந்தால், மூலை 93!

டேலி ஆகாத தொகையை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவது எங்கள் தொழில் தர்மம். பட்டியைக் குழைத்து அப்பினேன். கையோடு, அதற்குக் கீழே சுவரில் ஓடிய விரிசலையும் அடைக்க ஆரம்பித்தேன்.

"ஏய்யா, கையை எடு!"

அம்மா போட்ட சத்தத்தில் பட்டிக் கிண்ணம் கவிழ்ந்தது.

விரிசலுக்குக் குறுக்கே பென்சில் கோடுகள். பக்கத்தில் பொடி எழுத்து. 'சித்திரை 98 - 2 நூல். கார்த்திகை 98 - அரை நூல்.' இப்படியே 2011 சித்திரை வரை. அப்பா எழுத்து. தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவர், சுவருக்கும் பேரேடு வைத்திருக்கிறார்! ஹாஸ்டலில் இருந்தபோது எனக்கு போன் செய்தால் "பணம் வந்துச்சா?" என்ற ஒரே வரிதான். வெள்ளையடிக்கும் போதெல்லாம் பருப்பு டின்னுக்குப் பின்னால் ஒரு முழத்தை மட்டும் அம்மா ஏன் விடச் சொன்னாள் என்று அப்போதுதான் புரிந்தது.

நாலு வரி என் பட்டிக்கு அடியில். அம்மா முந்தானையை நனைத்து ஒற்றி ஒற்றி எடுத்தாள். மூன்று மீண்டது. அன்று ராத்திரி அவள் என்னோடு பேசவில்லை.

மறுநாள் ஆசாரி அண்ணாச்சியிடமே சரண்டர்.

"தம்பி, கரிசமண்ணு வெயிலுக்குச் சுருங்கும், மழைக்கு ஊதும். சுவரும் சேர்ந்து ஆடும். சுவத்துல ஆணி அடிச்சா பீடிங் பிளந்துரும். அலமாரியில மட்டும் அடிக்கணும்."

மூலைக்கு அவர் 45-ஐத் தொடவே இல்லை. ஒரு துண்டை மூலை வரை முட்டவிட்டார். அடுத்த துண்டின் முனையை முதல் துண்டின் வளைவுக்கு ஏற்பக் குடைந்து, அதன்மேல் உட்கார வைத்தார். 90 ஆனால் என்ன, 93 ஆனால் என்ன! கூலி, முதலில் கேட்டதேதான். நான் பாழாக்கிய ஏழடி தேக்கு, தனி நஷ்டம்.

கார்த்திகையில் ஊருக்குப் போனேன். பீடிங் அசையவில்லை. அம்மா ஸ்கேலையும் பென்சிலையும் நீட்டினாள். "எத்தனை நூல்னு பார்த்து எழுதுய்யா. எனக்குக் கண்ணு தெரியல."

"முக்கால் நூல்மா."

"நல்லாப் பாரு. ஒங்க அப்பா இருந்தா அரைன்னு எழுதியிருப்பாக."