ஒரு குண்டுமணி மருந்து

நாமக்கல்லில் மோகனூர் பஸ்ஸில் ஏறி ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து கொள்ளுங்கள். சுமார் 18 கிலோமீட்டர் தூரம்தான். ரயில்தான் பிடிக்கும் என்றால் சேலம் - கரூர் பாதையில் வரலாம். 2013-ல் திறந்த பாதை அது. எப்படி வந்தாலும் முதலில் உங்களை வரவேற்பது கரும்பு, அப்புறம் வாழை, அப்புறம் காவேரி. எதிர்க்கரையில் தெரிவது வாங்கல். அது கரூர் ஜில்லாவைச் சேர்ந்தது. இந்தக் கரையில் கூட்டுறவு சர்க்கரை ஆலையும், காந்தமலை முருகனும், ஆற்றங்கரைச் சிவன் கோயிலும் இருக்கின்றன.

சிவனுக்கு இங்கே அசலதீபேஸ்வரர் என்று திருநாமம். அசலம் என்றால் அசையாதது. ஆற்றுக் காற்று எவ்வளவு வீசினாலும் சன்னிதி விளக்கின் சுடர் ஆடாமல் நிற்குமாம். பழத்துக்காகக் கோபித்துக் கொண்டு புறப்பட்ட பிள்ளையைத் தாயார் "மகனே!" என்று கூப்பிட்ட இடமாதலால் 'மகனூர்' என்று பெயர் வந்து, அதுவே மோகனூர் ஆயிற்று என்று ஸ்தல புராணம் சொல்லுகிறது. கோபித்துக் கொண்டு கிளம்பும் பிள்ளைகளைப் பெற்ற தாய்மார்கள் ஒரு முறை வந்து போக வேண்டிய ஊர்தான்!

இவ்வளவு சாந்தமான ஊரில் நின்று கொண்டு நான் உங்களிடம் பேசப் போவது வேட்டைத் துப்பாக்கியைப் பற்றி, அதிலும் அதற்கு மருந்து கெட்டிக்கும் கலையைப் பற்றி என்றால் சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். கழுத்தை வடகிழக்கே திருப்புங்கள். வானம் தெளிந்திருந்தால் நீலமாக ஒரு மலை தெரியும். அதுதான் கொல்லிமலை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறுகிறதே, அதே மலை. வல்வில் ஓரி ஆண்ட மலை.

ஓரி விட்ட ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பின் மேல் போய்த் தைத்தது என்று புறநானூற்றிலே வன்பரணர் பாடியிருக்கிறார். கவிஞர் கொஞ்சம் தாராளமாகவே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த அம்புக்குப் பின்னால் இருந்தது ஓரியின் தோள். தோள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வில் வளையும். மனிதனுடைய பலமே அங்கே அளவுகோல்.

துப்பாக்கி வந்ததும் இது தலைகீழாயிற்று. நோஞ்சான் விரலை அசைத்தாலும் யானை விழும். பலம் தோளிலிருந்து மருந்துக்குப் போய்விட்டது. அதற்கப்புறம் வேட்டைக்காரனைக் காப்பாற்றியது தைரியம் அல்ல, அளவு. அவன் கையால் அளந்து போட்ட அளவு.

இந்தப் பக்கத்து மலைக் கிராமங்களில் இருந்த நாட்டுத் துப்பாக்கியை எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் புதிதாகச் சமையல் செய்தாக வேண்டும். குழலின் வாய் வழியே கரிமருந்தைக் கொட்டி, தேங்காய் நாரையோ துணியையோ தக்கையாக வைத்துக் கம்பியால் கெட்டிப்பார்கள். அதன் மேல் ரவை. ரவை உருண்டு விழாமல் இன்னொரு தக்கை. கடைசியில் பின்பக்கத்துக் காம்பிலே 'கேப்பு' ஒன்றைச் செருக வேண்டும். குதிரை வந்து கேப்பைத் தட்ட, பொறி உள்ளே ஓட, வேட்டுக் கிளம்பும். மருந்து குறைந்தால் 'புஸ்' என்று புகை மட்டும் வரும். காட்டுப்பன்றி திரும்பிப் பார்த்து முறைக்கும். கூடினால் குழல் பிளந்து சுட்டவன் கண்ணும் கையும் போகும். எவ்வளவு போடுவது என்று கை அறிந்தவனுக்குத்தான் மலையில் மரியாதை.

துரைமார்களின் பெரிய துப்பாக்கிகளும் ஆதியில் இதே ஜாதிதான். 'பன்னிரண்டு போர்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டைகளாக உருட்டினால் ஓர் உருண்டை எந்தப் பருமனோ, அந்தப் பருமனுக்குக் குழல் என்று அர்த்தம். ஆகவே எண் குறையக் குறையத் துப்பாக்கி பெரிது. 1845-ல் இலங்கைக்கு வந்து யானை வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் வைத்திருந்தது நாலு போர். துப்பாக்கியின் எடை 21 ராத்தல். ஒரு வேட்டுக்கு அவர் போட்ட மருந்து ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம். நமக்குத் தெரிந்த கணக்கில் சொன்னால் மூன்றரைச் சவரன் எடை! அது உதைக்கிற உதையில் சுட்டவரே நிலைகுலைந்து போவார் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பிறகு பித்தளைத் தோட்டா வந்தது. கேப்பு, மருந்து, குண்டு மூன்றையும் ஒரே கூட்டுக்குள் அடக்கி ஆலையிலிருந்தே அனுப்பினார்கள். மருந்தும் மாறியது. 1889-ல் இங்கிலாந்தில் ஏபெல், டிவார் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கார்டைட் என்ற புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார்கள். பார்ப்பதற்குச் சாட்சாத் சேமியா போலவே இழை இழையாக இருக்கும். பாயசம் வைக்கத்தான் முடியாது. நம் நீலகிரியில், குன்னூருக்குப் பக்கத்து அருவங்காட்டில், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேயே அதற்கென்று தொழிற்சாலை ஏற்பட்டு விட்டது. ஊட்டி ரயிலில் போனவர்கள் அந்த ஸ்டேஷன் பெயரைப் படித்திருப்பீர்கள்.

இந்தச் சேமியாவுக்கு ஒரு குணம் உண்டு. வெயில் ஏறினால் இதற்கும் கோபம் ஏறும். இங்கிலாந்தின் குளிரில் சரியாக வேலை செய்யும் அதே அளவு, நம் சேலத்து வெயிலில் காய்ந்த தோட்டாவில் குழலைப் பதம் பார்க்கும்படி அழுத்தம் கொடுக்கும். ஆகையால் உஷ்ண தேசங்களுக்கென்று சில கிரெயின் மருந்தைக் குறைத்துத் தனித் தோட்டாக்கள் செய்து அனுப்பினார்கள். கோடையில் மாவு சீக்கிரம் புளித்துவிடும் என்று தெரிந்து நீங்கள் முறையைச் சற்று மாற்றுவதில்லையா? அதே விவேகம்தான்.

கிரெயின் என்றேனே, அது என்ன என்று கேட்கிறீர்களா? ஆசாரி தராசில் குண்டுமணி வைத்துப் பொன் நிறுப்பதை உங்கள் பாட்டி பார்த்திருப்பாள். ஒரு குண்டுமணி எடை ஏறக்குறைய இரண்டு கிரெயின். யானைக்கும் காட்டெருமைக்கும் என்று செய்த '470' என்ற பெரிய ரைபிளின் குண்டு 500 கிரெயின். நாலு சவரன் கனம். அதைத் தள்ளுகிற கார்டைட் 75 கிரெயின்தான்; முக்கால் சவரன் கூட இல்லை. இந்தச் சொற்ப மருந்து அந்த நாலு சவரனை விநாடிக்கு இரண்டாயிரம் அடிக்கு மேல் வேகமாக ஓட்டுகிறது. சில குண்டுமணி கூடினால் என்ன ஆகும் என்பதை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

அந்த 470-க்கு ஒரு வேடிக்கையான பிறப்புக் கதையும் உண்டு. 1907-ல் வெள்ளைக்கார சர்க்கார் '450' அளவு ரைபிள்களை இந்தியாவுக்குள் வரவிடக் கூடாது என்று தடை போட்டது. பட்டாளத்தின் பழைய மார்ட்டினி ஹென்றித் துப்பாக்கிகளுக்கும் அதே அளவுக் குண்டுதான். அது கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயம். லண்டன் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? அளவைக் கொஞ்சம் மாற்றி 465, 470, 475 என்று விதவிதமாக விற்றார்கள்.

பழைய சேலம் ஜில்லாவின் காடுகளில், பெண்ணாகரம், ஒசூர், தேன்கனிக்கோட்டை வட்டாரத்தில், ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன். அவருடைய முதல் வேட்டைப் புத்தகம் 1954-ல் வெளியாயிற்று. அவர் கையில் இருந்தது '405' வின்செஸ்டர். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போன அதே வகை. அந்த ரைபிளைச் செய்வதை அமெரிக்கக் கம்பெனி 1930-களில் நிறுத்தி விட்டது. 1960-களில் இங்கிலாந்தின் கைனாக் ஆலையும் யானைத் தோட்டாக்களைக் கைவிட்டது. தோட்டா இல்லாத ரைபிள் எதற்கு உதவும்? திரிச்சீலை சாத்துவதற்கு உதவும்!

உலகெங்கும் இப்படிப் பழைய பெரிய ரைபிள்களோடு திகைத்து நின்றவர்களில் பலர் வீட்டு மேஜையிலேயே தோட்டா தயாரித்துக் கொண்டார்கள். சட்டம் அனுமதிக்கும் தேசங்களில் இன்றும் நடக்கிற காரியம் இது. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு அழுத்தத்தில் உப்பியிருக்கும். அதை அச்சில் அழுத்திப் பழைய உருவுக்குக் கொண்டுவர வேண்டும். எரிந்த கேப்பைத் தள்ளிவிட்டுப் புதியதைப் பதிக்க வேண்டும். மருந்தை ஆசாரி போலத் தராசில் நிறுத்துக் கொட்டி, குண்டை நேராக உட்கார்த்தி, கூட்டின் விளிம்பை மெல்ல நெருக்கிப் பிடிக்க வேண்டும். பித்தளைக்கும் ஆயுசு உண்டு. பலமுறை சுட்டது கழுத்தில் விரிசல் விடும். விரிசல் கண்டதை எறியத் தெரிந்தவனே கெட்டிக்காரன்.

இதில் பெரிய சத்துரு கவனக் குறைவு. அந்த வேலையின்போது பேச்சுக் கொடுத்தால் ஒரே கூட்டில் மருந்து இரண்டு தடவை விழுந்துவிடலாம். விழாமலே போய்விட்டால் அதுவும் ஆபத்துதான். கேப்பின் பலத்தில் மட்டும் குண்டு பாதிக் குழலில் போய்ச் சிக்கிக் கொள்ளும். அது தெரியாமல் அடுத்த குண்டைச் சுட்டால் குழல் வெடிக்கும். பாலில் சர்க்கரை இரண்டு முறை போட்டால் முகம் சுளிப்போம். இங்கே முகமே மிஞ்சாது.

நம் தேசத்தில் அந்தக் காலம் முடிந்துவிட்டது. 1970-ல் புலி வேட்டைக்குத் தடை வந்தது. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. துப்பாக்கியும் தோட்டாவும் செய்யவோ வைத்திருக்கவோ 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளை ஒப்படைத்து விடுங்கள் என்று கொல்லிமலையிலும் சேலம், தர்மபுரி மலைகளிலும் போலீசார் அவ்வப்போது கேட்டு வாங்கி வருகிறார்கள். காட்டுப்பன்றி தோட்டத்தை அழிக்கிறதே என்பது குடியானவனின் நியாயமான புலம்பல். 2025 ஜனவரியில் தமிழக அரசு அதற்கும் ஒரு வழி அறிவித்தது: காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினரே சுடலாம்.

ஆனால் துப்பாக்கி போன பிறகும் மருந்து போகவில்லை. பன்றிக்கென்று தீனிக்குள் வெடியைப் பொதிந்து வைக்கும் 'அவுட்டுக்காய்' என்ற கொடுமை சில இடங்களில் இன்னும் இருக்கிறது. அதைக் கடித்து வாய் சிதைந்து, தின்னவும் குடிக்கவும் முடியாமல் செத்த யானைகள் உண்டு. கையால் கெட்டித்த மருந்து, அளவும் குறியும் இல்லாதவன் கைக்குப் போனால் இதுதான் கதி.

இதே மோகனூரில் 2022 டிசம்பர் 31 அன்று அதிகாலை, ஊர் தூங்கிக் கொண்டிருந்தபோது, விற்பனைக்காக ஒரு வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்தது. நான்கு பேர் மாண்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளும் சேதமாயின. அங்கே துப்பாக்கி இல்லை, வேட்டை இல்லை, வீரமும் இல்லை. விடிந்தால் புத்தாண்டுக் கொண்டாட்டம், அவ்வளவுதான். மருந்துக்கு இது எதுவும் தெரியாது. சேர்த்து வைத்த அளவு ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

இந்த ஊரில்தான், 1888-ல், ஒரு போலீஸ்காரரின் மகனாகப் பிறந்தார் நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளை. 1930-ல் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தவர்கள் பாடிச் சென்றது அவருடைய பாட்டு. ஆயுதமே இல்லாத ஒரு போருக்குப் பாட்டுக் கட்டியவர். மருந்தும் குண்டும் இல்லாமல் சாம்ராஜ்யத்தை அசைக்க முடியும் என்று காட்டிய கூட்டத்தில் மோகனூர்ப் பிள்ளையும் ஒருவர் என்பதில் இந்த ஊருக்குப் பெருமை இருக்காதா?

பேக்கரின் மூன்றரைச் சவரனும், ஆண்டர்சனின் ரைபிளும் இனி நமக்குக் கதைதான். ஆனால் தீபாவளி வருஷந்தோறும் வரும். கோயில் திருவிழாவுக்கு வேட்டும் வரும். "கொஞ்ச நாள்தானே, பரண் மேல் இருக்கட்டும்" என்று ஒரு பெட்டி வீட்டுக்குள் வரலாம். வீட்டில் எந்தப் பொருள் எங்கே இருக்கிறது என்பது முதலில் தெரிவது உங்களுக்குத்தான். அடுப்பு எரிகிற வீட்டில், குழந்தை தூங்குகிற வீட்டில், இதற்கு ஒரு குண்டுமணி இடம்கூட இல்லை என்று நீங்கள் சொல்லிவிட்டால், பெட்டி வந்த வழியே திரும்பிப் போகும்.