புழு தின்ன இலையும் வேண்டும்!

வண்ணத்துப்பூச்சியைப் பிடிக்காதவர்கள் உண்டா? புடவையில், திரைச்சீலையில், குழந்தையின் கவுனில் எல்லாம் அதை வரைந்து வைத்துக் கொள்கிறோம். அதுவே புழுவாகக் கறிவேப்பிலைச் செடியில் உட்கார்ந்திருந்தால் மட்டும் "சீ, சனியனே!" என்று விளக்குமாற்றைத் தேடுகிறோம். இரண்டும் ஒன்றுதான் என்பது நமக்கு ஏனோ மறந்து போகிறது.

எங்கள் ஊர் வையம்பட்டி. மழையை நம்பிய பூமி. என் நாத்தனாரை ஸ்ரீரங்கத்தில் கொடுத்திருக்கிறது. தீபாவளிக்கு அங்கே போயிருந்தபோது, மேலூரில் இருக்கும் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு எல்லோருமாகப் போனோம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, மேலணைக் காப்புக் காட்டில், சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்தது அது. 2015 நவம்பரில் திறந்தார்கள். நூறு வகைக்கு மேல் அங்கே பார்த்துக் கணக்கெடுத்திருக்கிறார்களாம்.

நாத்தனார் பையன், "அம்மாயி, இங்க பாரு, இலையெல்லாம் ஓட்டை! மருந்து அடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டான்.

"மருந்து அடிச்சா பூச்சி எங்கேருந்துடா வரும், சாமி?" என்றார் என் மாமியார்.

விஷயமே அதுதான், சகோதரிகளே! பூவில் தேன் குடிக்க வருவது தாய். அது முட்டையிடுவது பூவில் அல்ல, இலையில். அதுவும் கண்ட இலையில் இடாது. புழு எதைத் தின்னுமோ அந்தச் செடியைத் தேடிப் பிடித்துத்தான் இடும். எலுமிச்சையிலும் கறிவேப்பிலையிலும் ஒரு வகை. எருக்கில் ஒரு வகை. ஆமணக்கில் ஒரு வகை. கொன்றையில் ஒரு வகை. கறுப்புச் சிறகும் சிவப்பு உடம்புமாகப் பறக்கிறதே 'கிரிம்ஸன் ரோஸ்', அதன் புழுவுக்கு ஆடுதீண்டாப்பாளையும் அதன் இனமான ஈஸ்வரமூலியும்தான் சாப்பாடு. செடி போனால் பூச்சியும் போச்சு. எத்தனை ரோஜாத் தொட்டி வைத்தாலும் திரும்பி வராது.

அமெரிக்காவில் சான்பிரான்சிஸ்கோ நகரத்து மணல்மேடுகளில் 'ஸெர்ஸீஸ் ப்ளூ' என்று ஒரு சின்ன நீல வண்ணத்துப்பூச்சி இருந்தது. நகரம் வளர வளர மணல்மேடும் அதிலிருந்த செடிகளும் போயின. 1940-களின் தொடக்கத்துக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

இத்தனை தூரம் எதற்குச் சொல்கிறேன் என்றால், எங்கள் வீட்டுக் கொல்லைக்கும் அதே கதி வர இருந்தது. பின்பக்கம் கொஞ்சம் புதர். என் குழந்தை தவழ ஆரம்பித்திருந்தாள். "பாம்பு பூரான் வந்துடும், களைக்கொல்லி அடிச்சுடறேன்" என்று இவர் மருந்தே வாங்கி வந்துவிட்டார். பெற்றவள் எனக்கும் பயம்தான். ஆனால் அந்தப் புதரில்தான் ஆடுதீண்டாப்பாளை படர்ந்திருந்தது. "முன்னெல்லாம் வரப்புக்கு வரப்பு கிடக்கும். இப்ப தேடினாலும் அகப்படலை. அதைக் கருக்காதேப்பா" என்றார் மாமியார்.

கடைசியில் இருவர் சொல்லும் நின்றது. வீட்டையொட்டிப் பத்தடிக்கு மண்வெட்டியால் சுத்தமாகச் செதுக்கிவிட்டார் இவர். வேலியோரம் அப்படியே இருக்கிறது. மருந்து டப்பா கடைக்கே திரும்பிப் போயிற்று. கார்த்திகையில் அந்தக் கொடியில் சிவப்பு முள் முள்ளாக ஐந்தாறு புழுக்கள். பக்கத்து வீட்டு அக்கா, "ஐயே, இதையா வளக்கறே?" என்றார். கூடு கட்டிப் பூச்சி வெளிவந்த அன்று அவரும்தான் வந்து நின்று பார்த்தார்!

ஒரு எச்சரிக்கை. ஆடுதீண்டாப்பாளையை மருந்து என்று அரைத்துக் குடிக்காதீர்கள். அதிலுள்ள விஷம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எருக்கம்பால் குழந்தைகள் கண்ணில் பட்டுவிடாமலும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

நம்மால் முடிந்தது என்ன? கறிவேப்பிலை ஒன்றுக்கு இரண்டாக வையுங்கள். ஒன்று நமக்கு, ஒன்று அவைகளுக்கு. நம் செடியில் புழு வந்தால் இலையோடு கிள்ளி அடுத்த செடியில் விடுங்கள். குழம்பில் போடுகிற இலைக்குப் பூச்சிமருந்து எதற்கு? குழந்தைகளைப் பூங்காவுக்கு அழைத்துப் போனால், சிறகைத் தொட்டால் அதிலுள்ள பொடி உதிர்ந்துவிடும் என்று சொல்லிக் கொடுங்கள். உங்கள் தெருப் பூங்காவில் புல்தரையும் குரோட்டன்ஸும் மட்டும் இருந்தால், ஒரு மூலையில் எருக்கும் ஆமணக்கும் தானாக வளர விடும்படி நாலு பெண்களாகச் சேர்ந்து கேளுங்கள். மேலூரில் இருக்கும் 25 ஏக்கர் மட்டும் எத்தனை பூச்சிகளைத்தான் தாங்கும்? அங்கிருந்து பறந்து வருவதற்கு நம் வேலியிலும் ஒரு வேளைச் சாப்பாடு இருக்கட்டுமே!