கூரை இல்லாத கார்

பணி ஓய்வு பெற்ற மறுமாதமே ஒரு கார் வாங்கினேன். மொத்தம் இரண்டே சீட். கூரையைப் பின்னால் மடக்கிவிடலாம். 1990 மாடல் மாஸ்டா மியாட்டா, ரத்தச் சிவப்பு. வாசலில் கொண்டுவந்து நிறுத்தியதும் என் மனைவி ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள்.

"பேரனை எங்கங்க உக்கார வைக்கிறது?"

பதில் சொல்லத் தெரியவில்லை. உண்மையைச் சொன்னால், அதில் வேறு யாரையும் உட்கார வைக்க முடியாது என்பதுதான் எனக்குப் பிடித்ததே. பிள்ளைகள், காய்கறிப் பைகள், ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகள் என்று முப்பது வருஷமாக ஏற்றி இறக்கியாயிற்று.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளில் இங்கிலாந்தில் இப்படிக் குட்டிக் கார்கள் நிறைய வந்தன. எம்ஜி, ட்ரையம்ப், லோட்டஸ் எலான். ஓட்டுவதற்கு ஆனந்தம். ஆனால் நின்ற இடத்தில் எண்ணெய் சொட்டும் என்று பெயர் வாங்கியவை. ஜப்பான்காரர்கள் அதே ஆனந்தத்தைச் சொட்டாமல் செய்து 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் கொண்டுவந்து வைத்தார்கள். 1.6 லிட்டர் என்ஜின், 116 குதிரைசக்தி. இன்றைக்குச் சாதாரணக் குடும்பக் காருக்கே இதைவிட அதிகம். ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு. குதிரையும் அதன் மேல் இருப்பவனும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்பதற்கு அவர்கள் மொழியில் 'ஜின்பா இத்தாய்' என்று ஒரு சொல் உண்டு. அதை மனதில் வைத்துத்தான் செய்தார்களாம். 2016இல் பத்து லட்சமாவது வண்டி வெளிவந்தது. ஆக, நான் ஒருவன் மட்டும் பைத்தியம் இல்லை.

கூரையைத் திறக்க மோட்டார் கிடையாது. பின்பக்க பிளாஸ்டிக் ஜன்னலின் ஜிப்பை முதலில் இறக்க வேண்டும், இல்லாவிட்டால் அது மடிந்து கீறல் விழும். பிறகு முன்கண்ணாடிக்கு மேலே இருக்கும் இரண்டு கொக்கிகளையும் விடுவித்து, குடையைச் சாய்ப்பதுபோலப் பின்னால் தள்ளினால் தீர்ந்தது. ஸ்விட்சைத் தட்டினால் முகப்பு விளக்குகள் தவளைக் கண்போல மேலே எழும்பும். அந்த ஸ்விட்சைக் காரணமில்லாமல் எத்தனை தடவை தட்டியிருப்பேன் என்று கேட்காதீர்கள்.

முதல் வாரம் ஒருநாள் காலையில் தனியாகக் கிளம்பினேன். ஃப்ரீமான்ட்டில் எங்கள் வீட்டிலிருந்து மேற்கே போக டம்பார்ட்டன் பாலத்தைக் கடக்க வேண்டும். வேலைக்குப் போன இருபத்தைந்து வருஷமும் அதே பாலம்தான். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டு, ஆபீஸ் போனில் பேசிக்கொண்டே கடந்திருக்கிறேன். அன்றைக்குப் பாலத்தை நெருங்கும்போது ஒரு வாடை வந்தது. உப்பும் சேறும் வெயிலும் கலந்த வாடை. கை தானாக வேகத்தைக் குறைத்துவிட்டது. அங்கே பாலத்தின் ஓரமெல்லாம் உப்பளங்கள். கண்ணால் தினமும் பார்த்ததுதான். ஆனால் அது எங்கள் தூத்துக்குடி உப்பளத்தின் வாடை என்று எனக்குத் தெரியாது! அப்பாவின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன வழியில் மூக்கில் ஏறிய அதே வாடை. இருபத்தைந்து வருஷம் என் ஊர் வழியாகவே வேலைக்குப் போயிருக்கிறேன், கண்ணாடியை மூடிக்கொண்டு.

ஊரில் எங்களுக்கு எல்லாமே திறந்த வண்டிதான். சைக்கிள், ஜன்னலில் கண்ணாடி இல்லாத டவுன் பஸ், மாமாவின் ஸ்கூட்டர். காற்று முகத்தில் அடிப்பது வசதிக் குறைவு என்று நினைத்து, வசதி வந்ததும் முதல் வேலையாக அதை அடைத்துவிட்டோம்.

பாலம் தாண்டி வுட்சைட் வழியாக 84ஆம் நம்பர் ரோடு மலை ஏறும். ரெட்வுட் மரங்களுக்குள் நுழைந்ததும் தோளில் குளிர் இறங்கும். ஒரு வளைவில் ஈரமண் வாசனை, வெயில்பட்ட இன்னொரு வளைவில் தைலமர வாசனை. மணிக்கு நாற்பது மைல்தான் போவேன். ஆனால் தரையை ஒட்டி உட்கார்ந்திருப்பதால் எண்பதில் பறப்பதுபோல இருக்கும். கியரை மணிக்கட்டு அசைவில் மாற்றலாம். (ஹைவேயில் இந்தச் சுகம் எதுவும் இல்லை. லாரிச் சக்கரம் தலைக்கு நேராகச் சுற்றும். சத்தத்தில் சாமி பெயர் சொன்னால்கூட நமக்கே கேட்காது.)

என் மனைவிக்கு மலை ரோடு ஆகாது. கல்யாணமான புதிதில் கொடைக்கானல் போனபோது அவளுக்கு நினைவிருப்பது கையில் பிடித்திருந்த பிளாஸ்டிக் பை மட்டும்தான். ஸ்கைலைன் மலைக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்று இருபது வருஷமாகச் சொல்லியும் அந்த ரோட்டில் வந்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளாகவே, "ஒரு தடவை வாரேன்" என்றாள். எனக்கு மங்கி குல்லா, அவளுக்குத் தலையில் ஸ்கார்ஃப், கையில் எலுமிச்சம்பழம். ஹீட்டரைப் போட்டால் காலுக்குச் சூடு, தலைக்குப் பனி. மலை ஏறி, லா ஹோண்டா இறங்கி, சான் கிரகோரியோ கடற்கரை வரை போய் நிறுத்தினேன். பழத்தை முகரவே இல்லை. மூடிய காரில்தான் அவளுக்குக் குமட்டும் போலிருக்கிறது. எங்கள் இரண்டு பேருக்குமே அது தெரியாமல் போயிருக்கிறது.

கடலைப் பார்த்துக்கொண்டே, "இத முன்னாடியே வாங்கிருக்கலாம்லா?" என்றாள்.

"முன்னாடி நமக்கு ரெண்டு சீட் எப்படிப் போதும்?" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறு வருஷம் அப்படி ஓடியது. அப்புறம் இடது முட்டி. சாயங்கால நெரிசலில் பாலத்தின் மேல் நிற்கும்போது கிளட்சை மிதித்து மிதித்து உயிர் போகும். போன மாதம் முட்டியை மாற்றினார்கள். டாக்டரிடம் நான் கேட்ட முதல் கேள்வி எப்போது நடக்கலாம் என்பதல்ல, எப்போது கிளட்ச் மிதிக்கலாம் என்பது. ஆட்டோமேட்டிக் என்றால் சீக்கிரமே ஓட்டலாம், இதற்கு முட்டி நன்றாக மடங்கி நீளட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். "வித்துடுங்கப்பா, யாருக்காவது உபயோகமா இருக்கும்" என்கிறாள் மகள். அவள் சொல்வதில் தப்பில்லை. நானும் விளம்பரம்வரை எழுதிவிட்டேன். போட மனது வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், என் மனைவி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். சும்மா நின்றால் பேட்டரி செத்துப்போகும் என்று நான் எப்போதோ சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறாள். ஊரில் ஸ்கூட்டிகூட ஓட்டாதவள். இங்கே வந்து ஆட்டோமேட்டிக் மட்டும்தான்.

"கிளட்ச முழுசா மிதி. கியர் நியூட்ரல்ல இருக்கான்னு ஆட்டிப் பாரு" என்றேன்.

என்ஜின் பிடித்துக்கொண்டது. கை எதிலோ பட்டு விளக்குகள் மேலே எழும்பின. அதைப் பார்த்துச் சிரித்தாள். ஜிப்பை மறக்காமல் இறக்கிவிட்டு, கொக்கிகளை விடுவித்து, கூரையைப் பின்னால் தள்ளினாள். கால் மணி நேரம் அப்படியே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் வாக்கரில் சாய்ந்து நின்றேன்.

அணைத்துவிட்டு இறங்கும்போது கேட்டாள்: "அடுத்த வாரம் அந்த ரிவர்ஸ் கியர் எங்கருக்குன்னு காட்டுவீங்களா?"