அருளுக்கு எத்தனை நாள்?

சென்ற தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்து பங்கு இல்லத்திற்குத் திரும்பியபோது, வராந்தாவில் ஒரு தாயும் மகளும் காத்திருந்தனர். கொத்தனார் வேலை பார்த்துவந்த அவ்வீட்டுத் தலைவர் மாரடைப்பால் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் பெயரில் இருந்த ஆயுள் காப்பீட்டுக்கான ஆண்டுத் தவணையைச் செலுத்தவேண்டிய நாள் கடந்து, 22ஆம் நாள் அவர் இறந்திருக்கிறார். “தவணை தப்பிப்போச்சு, இனி ஒண்ணும் கிடைக்காதுன்னு சொல்றாங்க, சாமி” என்று அந்தத் தாய் பத்திரத்தை நீட்டினார். ஆங்கிலத்தில் பொடி எழுத்து. விளக்கின் அடியில் நின்று படித்தேன். தவணை நாளுக்குப் பின்னும் 30 நாட்கள் ‘கிரேஸ்’ உண்டு. அதற்குள் இறப்பு நேர்ந்தால் காப்பீடு நடப்பில் இருந்ததாகவே கொள்ளப்படும். கட்டாத தவணையை மட்டும் கழித்துக்கொண்டு உரிய தொகை வழங்கப்படும். இதைச் சொன்னதும் அந்தத் தாய் சுவரில் சாய்ந்து அழுதார்.

மகள் எங்கள் மறைக்கல்வி வகுப்பு மாணவி. அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக் கேட்டாள்: “கிரேஸ்னா அருள்னுதானே சாமி நீங்க சொல்லிக் கொடுத்தீங்க? அப்ப அருளுக்கு முப்பது நாள்தான் கணக்கா?”

அப்போதைக்கு ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தச் சொல் என்னை விடவில்லை.

ஆங்கிலேயருக்கு அது ஒரு சொல்; நமக்கோ பல சொற்கள். நடையில் கிரேஸ் இருந்தால் நளினம் என்போம். காப்பீட்டில் சலுகைக் காலம். தேர்வில் கருணை மதிப்பெண். உண்ணுமுன் சொல்லும் செபத்துக்கும் அதே பெயர். அங்கே அது நன்றி. பேராயரையும் பிரபுவையும் விளிக்கும்போது அது மரியாதை. முன்னே ஓர் எழுத்துச் சேர்க்கையைப் பெற்று ‘டிஸ்கிரேஸ்’ என்றாகிவிட்டால் மானக்கேடு. பிரெஞ்சு மொழியிலோ, குற்றுயிராய்க் கிடப்பவனின் வேதனையை முடிக்கும் கடைசி வெட்டுக்குக்கூட இச்சொல் துணைபோயிருக்கிறது. இத்தனைக்கும் தாய், ‘கிராத்சியா’ என்னும் இலத்தீன் சொல். இலவசத்தைக் குறிக்கும் ‘கிராத்திஸ்’ அதன் உடன்பிறப்பு. இத்தாலியரும் ஸ்பானியரும் நன்றி சொல்லும்போது இன்றும் அந்தத் தாயைத்தான் அழைக்கிறார்கள். கொடுப்பவனின் தயவும் பெற்றவனின் நன்றியும் ஒரே சொல்லாய் இருப்பது எனக்கு எப்போதும் வியப்பு.

இலத்தீனுக்கும் முன்னே கிரேக்கம். அங்கே அது ‘காரிஸ்’. மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. நற்கருணைக்குரிய ‘யூக்கரிஸ்தியா’ என்னும் சொல்லின் நடுவிலும் அதுவே அமர்ந்திருக்கிறது. லூக்கா நற்செய்தியில் வானதூதர் மரியாவை விளிக்கும் கிரேக்கச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். என் பாட்டி அருள் என்று செபித்ததில்லை, ‘பிரியதத்தம்’ என்பார். பிரியத்தோடு தரப்பட்டது என்று பொருள். மறைக்கல்வி நூல்களில் ‘இஷ்டப்பிரசாதம்’ இருந்தது. நம் பிரிந்த சகோதரர்கள் ‘கிருபை’ என்றார்கள். இன்று ‘அருள்’ நிலைத்துவிட்டது. நல்ல தமிழ்தான், குறை சொல்லவில்லை. ஆயினும் ‘பிரியதத்தம்’ என்ற அந்தப் பழைய சொல்லில் கொடுத்தவருடைய முகம் தெரிந்தது.

எபிரேயத்தில் ‘ஹேன்’. அன்னா என்ற பெயரும் யோவான் என்ற பெயரும் அந்த வேரிலிருந்தே வந்தவை. இதை நான் நன்றாக நினைவில் வைத்திருக்கக் காரணம் உண்டு. குருமடத்தில் எபிரேயத் தேர்வில் நான் தேறவில்லை. பேராசிரியர் என்னை அழைத்து, விடைத்தாளைப் பார்த்து, என்னையும் பார்த்து, குறைந்த மதிப்பெண்களைத் தாமாகவே போட்டு என்னைக் கரையேற்றினார். எத்தனை மதிப்பெண் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அருளைப்பற்றி அங்கே படித்தது கொஞ்சமன்று. பெலாஜியுசை எதிர்த்து அகுஸ்தினார் எழுதியவை, 1547இல் திரிதெந்தின் சங்கம் வெளியிட்ட ஏற்புடைமை பற்றிய படிப்பினை, அருளும் மனித சுதந்திரமும் எப்படி இணைகின்றன என்று சாமிநாதர் சபையாரும் சேசு சபையாரும் நடத்திய நெடிய வழக்கு. அவ்வழக்கில் 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எப்பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதிருங்கள் என்று பணித்து அனுப்பிவிட்டார். அருளைப்பற்றி அருளின்றிப் பேசாதீர்கள் என்று அவர் எண்ணியிருக்கலாம் என நாங்கள் வகுப்பில் சிரித்ததுண்டு.

திருக்குறளில் பொருள் செயல்வகை என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் அருளை அன்பு ஈன்ற குழந்தையாகக் காண்கிறார். செல்வத்தை அதற்குச் செவிலியாக்குகிறார். காப்பீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நினைத்தபோது அது எனக்குப் புதிதாகப் புரிந்தது.

ஆனால் அந்தச் சிறுமியின் கேள்வி என்னை உறுத்தியது வேறோர் இடத்தில். ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்குப் பள்ளியின் தாளாளராக இருந்தேன். ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்வில் ஒரு மாணவன் கணக்கில் 30 மதிப்பெண்கள் வாங்கியிருந்தான். தேற 35 வேண்டும். கிரேஸ் மார்க் மூன்றுக்கு மேல் இல்லை என்பது நாங்களே வகுத்துக்கொண்ட விதி. “ரெண்டு மார்க்தானே சாமி, அப்பா இல்லாத பையன்” என்றார் தலைமையாசிரியர். “இவனுக்குக் கொடுத்தால் நாளை எல்லோரும் வந்து நிற்பார்கள்” என்று பட்டியலை மூடினேன். அவன் மறுபடியும் பள்ளிக்கு வரவில்லை. என் அறை வாசலில் பெயர்ப்பலகை இருந்தது. அதில் என் பெயருக்கு முன்னே ‘அருட்தந்தை’ என்று எழுதியிருந்தது. அந்த ஆண்டும் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமையை எங்கேனும் நான் விளக்கிப் பிரசங்கித்திருப்பேன். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுக் கூலி என்று.

அந்தத் தாய்க்குப் பணம் வந்து சேர்ந்த சில வாரங்களில், குருக்கள் கூட்டத்துக்காக மறைமாவட்டத் தலைநகருக்குப் பேருந்தில் போனேன். நல்ல கூட்டம். முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “சாமி, இங்க வந்து உக்காருங்க” என்றார். முகம் தெரியவில்லை. பள்ளியின் பெயரைச் சொன்னார், தன் பெயரைச் சொன்னார். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராம். மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாளாம். அம்மா இறந்து நான்கு ஆண்டுகளாம். கணக்குத் தேர்வைப்பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நான்தான் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முறை வாயெடுத்தேன். ஒருமுறை நடத்துநர் குறுக்கே வந்தார். மறுமுறை எனக்கே துணிவில்லை.

நடத்துநர் வந்தபோது பணப்பையை எடுத்தேன். “சாமிக்கும் சேர்த்து எடுத்தாச்சு” என்று அவர் சீட்டைக் காட்டினார். பணத்தை நீட்டினேன், சிரித்துக்கொண்டே என் கையை மெல்ல விலக்கிவிட்டார். அதன்பின் ஒன்றரை மணி நேரப் பயணம். நான் இறங்கும்வரை அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றபடியே வந்தார்.