கை மறக்காத இயந்திரம்

என் மாமாவுக்குக் கோபிசெட்டிபாளையத்தில் உரக்கடை. காலையில் கடை திறந்து கணினியை ஆன் செய்ததும், திரையில் காலியான இடத்தில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தி 'ரெஃப்ரெஷ்' கொடுப்பார். ஒருமுறை அல்ல, ஏழெட்டு முறை. ஐகான்கள் ஒரு கணம் சிமிட்டி மறுபடி நிலைக்கு வந்தால்தான் அவருக்குக் கை ஓடும். "நாலு ரெஃப்ரெஷ் குடுத்தாத்தான் மாப்ள சிஸ்டம் வெரசா ஓடும்" என்பார். அந்தக் கட்டளை அங்குள்ள கோப்புகளைப் பார்த்து ஐகான்களை மறுபடி வரைவதோடு சரி. நினைவகத்தைத் துடைப்பதில்லை, வேகத்தைக் கூட்டுவதுமில்லை. இதை அவரிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

கணினி மேல் ஆசை உள்ள யாரிடம் கேட்டாலும் இதுபோல் பத்துச் சொல்வார்கள். ஒரே கிளிக்கில் திறக்கும் இணைப்பை இரண்டு முறை தட்டுவது. திரையில் வந்த பிழைச் செய்தியை ஃபோனால் படம் பிடித்து, பாதி வெட்டுப்பட அனுப்புவது. ஒரே கடிதத்துக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் நியூ', 'ஃபைனல் நியூ 2' என்று பெயர் வைத்துவிட்டு எது கடைசி என்று நம்மிடமே கேட்பது. நான் பள்ளி நாள்களிலிருந்து கணினியோடு இருப்பவன். உளியால் பெயின்ட் டப்பா திறப்பதைப் பார்க்கும் தச்சருக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் எனக்கும் இருக்கும். அந்த எரிச்சலை நான் அறிவின் அடையாளமாகவே நெடுநாள் வைத்திருந்தேன். அது தப்பு என்று எனக்குக் காட்டியவர் ஒரு தமிழாசிரியர். அதுவும் அவர் மறைந்த பிறகு.

பக்கத்துக் கிராமத்துக்காரர் அவர். ஓய்வு பெற்ற பின் பத்து வருடத்துக்கும் மேலாகச் சுற்றுவட்டார உழவுச் சொற்களைச் சேகரித்தார். ஏர், கலப்பை, கிணறு, களத்துமேடு, மாட்டு நோய் என்று வயதானவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதி, தாமே தட்டச்சும் செய்தார். அவர் காலமான மறுவருடம், அவருடைய மகள் பழைய சிபியூ, ஒரு பென்டிரைவ், இரண்டு ஃப்ளாப்பி எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையோடு என் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

"அப்பா எழுதுனது ஒண்ணையுமே காணம் தம்பி. எல்லாம் இங்கிலீசு எழுத்தாக் கெடக்குது."

கோப்பைத் திறந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆசிரியர் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அந்த வகை எழுத்துருக்களில் கணினி தமிழைச் சேமிப்பதே இல்லை. 'வணக்கம்' என்று திரையில் தெரிந்தாலும், உள்ளே பதிவாகியிருப்பது ஆங்கில டி, இஸட், எஃப், ஓர் அரைப்புள்ளி, மறுபடி எஃப், கே, இன்னோர் அரைப்புள்ளி. அந்த ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மாட்டிவிடுவது மட்டுமே எழுத்துருவின் வேலை. எழுத்துரு இருக்கும் கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கிலக் குவியல். அச்சடித்தால் அழகாக வரும். ஆனால் ஒரு தமிழ்ச் சொல்லை நேராகத் தட்டித் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது. பார்வையற்றவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதை ஆங்கில எழுத்துகளாகவே வாசிக்கும்.

இதில் ஆசிரியரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உலக மொழிகளுக்கெல்லாம் எண் ஒதுக்கும் யூனிகோடு, 1991இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. ஆனால் அதை நம் வீட்டுக் கணினி காட்டத் தொடங்கியது விண்டோஸ் 2000 வந்த பிறகுதான். அதற்கு முன் தமிழில் எழுத நினைத்தவர்களுக்கு இந்த எழுத்துருக்களே வழி. அதன் பிறகும் அச்சகங்கள் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருளை விடவில்லை. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. தமிழ்நாடு அரசு 2010 ஜூனில் யூனிகோடைத் தரமாக அறிவித்தது. ஆணை வந்துவிட்டது என்பதற்காகக் கை பழகிய விசைகளை விட்டுவிடுமா?

மீட்கும் வேலை மூன்று வாரம் பிடித்தது. பாமினிக் கோப்புகளுக்கு மாற்றிகள் இருக்கின்றன. ஆனாலும் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. பழைய முறையில் 'கொ' என்றால் ஒற்றைக்கொம்பு, பிறகு 'க', பிறகு கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் தட்டுவார்கள். யூனிகோடு மெய்யை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கும். மாற்றும்போது வரிசையையும் திருப்பிப் போட வேண்டும். ஓரிடம் தவறினாலும் கொம்பு பக்கத்து எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு தொகுப்பு பெயர் தெரியாத வேறோர் எழுத்துருவில் இருந்தது. நல்லவேளையாக அதில் நாற்பது பக்கம் அச்சுப்பிரதி கிடைத்தது. தாளையும் திரையையும் பக்கத்தில் வைத்து எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். ஃப்ளாப்பி இரண்டில் ஒன்று திறக்கவே இல்லை. அதன் மேல் அவர் கையெழுத்தில் 'கால்நடை' என்று எழுதியிருந்தது. வேறு நகல் எங்கும் இல்லை.

வேலை முடிந்த அன்று ஆசிரியரின் மகளான அந்த அக்காவை வரச் சொல்லி, தேடும் பெட்டியைக் காட்டி, "ஏதாவது ஒரு சொல்லைத் தட்டுங்கக்கா" என்றேன். கொஞ்சம் யோசித்துக் 'கவலை' என்று தட்டினார். கிணற்றில் மாடு பூட்டி நீர் இறைக்கும் கவலை வந்து நின்றது. அதன் கீழேயே சால், வடம், தும்பி என்று உறுப்புகள் ஒவ்வொன்றாக, யாரிடம் கேட்டது என்ற குறிப்போடு. அவர் வாய்விட்டு வாசித்தார். பாதியில் நிறுத்தி, "இது எங்க தாத்தன் சொன்னதுங் தம்பி" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆசிரியர் உயிரோடு இருந்தபோது இரண்டு முறை அவர் வீட்டுக்குப் போயிருக்கிறேன், பிரின்டர் பார்க்க. அவர் திரையில் பாமினியைப் பார்த்து, 'இன்னுமா இதில் எழுதுகிறார்' என்று மனசுக்குள் எரிச்சல்பட்டேன். பிரின்டரைச் சரிசெய்துவிட்டு வந்துவிட்டேன். அரைமணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் வேறு வழியைக் காட்டியிருக்கலாம். ஒரு நகலாவது எடுத்து வைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்திருந்தது, அவருக்குத் தெரியவில்லை. தெரிந்தவன் எரிச்சலோடு நிறுத்திக்கொண்டேன். கால்நடைச் சொற்கள் போனதில் என் பங்கும் இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் கேட்கப் பழகினேன். என் சின்னம்மா ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சர். ஒவ்வொரு வரி முடிவிலும் என்டர் தட்டுவார். தலைப்பை நடுவில் வைக்க ஸ்பேஸ்பாரைத் தட்டிக்கொண்டே போவார். வக்கீல் இடையில் ஒரு சொல் சேர்த்தால் பக்கம் முழுவதும் வரிகள் துண்டு துண்டாகிவிடும். திருத்தித் தருவதற்குப் பதில் இந்த முறை, ஏன் அப்படித் தட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"மணி அடிச்சா தள்ளோணுமில்ல கண்ணு" என்றார்.

தட்டச்சுப் பொறியில் வரி முடிய ஏழெட்டு எழுத்து இருக்கும்போது மணி அடிக்கும். உடனே நெம்புகோலைத் தள்ளி அடுத்த வரிக்கு வர வேண்டும். தலைப்பின் எழுத்துகளை எண்ணி, பாதியாக்கி, தாளின் நடுவிலிருந்து அத்தனை இடம் பின்னால் வந்து தொடங்க வேண்டும். இன்ஸ்டிடியூட்டில் இரண்டு மொழியிலும் ஹையர் தேர்வு முடித்த சின்னம்மா இன்றும் அதை மனசுக்குள் எண்ணுகிறார். நான் அறியாமை என்று நினைத்தது, பரீட்சைக்குப் பரீட்சை தேறி வந்த துல்லியம். இயந்திரம்தான் மாறிவிட்டது. கை அதை மறக்கவில்லை. கணினியே கூட அதை முழுக்க மறக்கவில்லை: ஷிஃப்ட் என்ற பெயர், பெரிய எழுத்துக்காகப் பொறியின் ஒரு பகுதி நிஜமாகவே இடம் நகர்ந்த காலத்தின் மிச்சம்.

மாமாவிடமும் கேட்டேன். அவர் முதலில் வாங்கிய கணினியில் ஒரு கோப்பைச் சேமித்தால் சில சமயம் திரையில் வராதாம். ரெஃப்ரெஷ் கொடுத்தால்தான் தெரியுமாம். ஐகான்கள் தடங்கலில்லாமல் சிமிட்டினால் இயந்திரம் வேலைக்குத் தயார் என்று அவராகவே ஒரு கணக்கு வைத்துக்கொண்டார். அந்தக் கணினிக்கு அது சரியான கணக்கு.

நாம் தினமும் பயன்படுத்தும் கட், காப்பி, பேஸ்ட் வந்த வழியும் இதுதான். 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பார்க் ஆய்வகத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் என்ற இருவர் 'ஜிப்ஸி' என்ற எழுதும் மென்பொருளை ஒரு பதிப்பகத்துக்காக உருவாக்கினார்கள். அக்காலப் பதிப்பாசிரியர்கள் கத்தரியால் தாளை வெட்டிப் பசையால் ஒட்டித் திருத்துவார்கள். அந்தக் கைப்பழக்கம் அப்படியே திரைக்கு வந்தது. 2020இல் மறைந்த டெஸ்லர், மனிதரின் கை எங்கே இருந்ததோ அங்கே கணினியைக் கொண்டுவந்தார். அவர் செய்ததன் பலனை அனுபவிக்கிற நாம், கை இன்னும் வந்து சேரவில்லையே என்று சலித்துக்கொள்கிறோம்.

எல்லாப் பழக்கத்தையும் அப்படியே விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இப்போது எனக்கு ஒரே அளவுகோல்: இதனால் நாளைக்கு யாருடைய உழைப்பாவது போகுமா? இரட்டைக் கிளிக்கால் எதுவும் போகாது. யூனிகோடு அல்லாத எழுத்துருவில் எழுதினால் போகும். ஒரே பென்டிரைவை நம்பினால் போகும். சான்றிதழை வாட்சப்பில் படமாக அனுப்பிவிட்டு மூலத்தை அழித்தால், சுருங்கிய படம்தான் மிஞ்சும். இங்கே எரிச்சல் வருவது நியாயம். ஆனால் வந்த எரிச்சல் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார வைக்க வேண்டும்.

சின்னம்மாவுக்கு அப்படித்தான் உட்கார்ந்து கன்ட்ரோல், ஷிஃப்ட், 8 மூன்றையும் சேர்த்து அழுத்திக் காட்டினேன். மறைந்திருந்த குறிகள் வெளியே வந்தன. அவர் தட்டிய ஒவ்வொரு ஸ்பேஸும் ஒரு புள்ளி, ஒவ்வொரு என்டரும் ஒரு குறி. வாசலில் கோலத்துக்கு வைத்ததுபோல் தலைப்புக்கு முன்னால் இருபத்தாறு புள்ளி. எண்ணிப் பார்த்துவிட்டு, "அத்தனையும் நான் வெச்சதா?" என்றார். நடுவில் வைக்கும் பொத்தானை அவரே தட்டினார். அடுத்த வாரம் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கு அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

மாமா இன்றைக்கும் காலையில் ஏழெட்டு முறை ரெஃப்ரெஷ் கொடுக்கிறார். நான் ஒன்றும் சொல்வதில்லை. கடைக் கணக்குக்கு இன்னொரு நகல் இருக்கிறதா என்று மட்டும் மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.